செப்புத் தகட்டில் எழுந்த நகரங்கள்

வானில் வட்டமிடும் பருந்தின் கண்ணுக்கு ஓர் ஊர் எவ்வாறு தோன்றும் என்பதை, மனிதன் தான் வானில் ஏறுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வரைந்து காட்டிவிட்டான். பிரான்சு நாட்டு மொங்கோல்பியே சகோதரர் செய்த பலூனில் மனிதர் முதன்முதலாகப் பறந்தது 1783ஆம் ஆண்டிலாகும். ஆனால் வெனிஸ் நகரம் முழுவதையும் உயரத்திலிருந்து நோக்கியதுபோலக் காட்டும் படம் 1500ஆம் ஆண்டிலேயே அச்சாகி விலைக்கு வந்துவிட்டது. மண்ணில் நின்றவர்கள் விண்ணிலிருந்து கண்டதுபோல் எவ்வாறு வரைந்தார்கள், யாருக்காக வரைந்தார்கள் என்பன அறியத்தக்கவை. எந்த ஊர்களை அவர்கள் வரையாது விட்டார்கள் என்பது அவற்றினும் முக்கியமானது. வன்னிப் பெருநிலத்து மக்களுக்கு அக்கேள்வி நெருங்கிய தொடர்புடையது.

வெனிஸ் நகரப் படத்தை வரைந்தவர் யாக்கொபோ டெ பார்பாரி என்னும் ஓவியர். அதனை வெளியிட்டவர் அந்தோன் கொல்ப் என்னும் ஜேர்மானிய வணிகர். ஆறு பெரிய மரப்பலகைகளிற் செதுக்கி, ஆறு தாள்களில் அச்சிட்டு, அவற்றை ஒன்றாக இணைத்தபோது படத்தின் அகலம் 9 அடிக்கு மேலாயிற்று. இதனைச் செய்து முடிக்க மூன்று ஆண்டுகள் சென்றன என்றும், ஒரு படியை மூன்று பொற்காசுக்கு விற்க உரிமை வேண்டும் என்றும் கொல்ப் வெனிஸ் அரசுக்கு விண்ணப்பம் செய்தார். அந்த ஆறு பலகைகளும் இன்றும் அந்நகரத்துக் கொரேர் அரும்பொருட்சாலையில் உள்ளன.

அதன் பின்னர் இக்கலை ஐரோப்பா எங்கும் பரவிற்று. ஜேர்மனியின் கொலோன் நகரத்திலே ஜோர்ஜ் பிரௌன் என்னும் குருவானவரும், பிரான்சு ஹோகன்பேர்க் என்னும் செதுக்குநரும் கூடி, உலக நகரங்களின் படத்தொகுதி ஒன்றை 1572ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கினர். 1617ஆம் ஆண்டுவரை ஆறு பாகங்களாக வெளிவந்த அத்தொகுதியில் 500க்கு மேற்பட்ட நகரக் காட்சிகள் இடம்பெற்றன. கோழிக்கோடு, கண்ணனூர், கோவா, தியூ ஆகிய இந்தியக் கரையோர நகரங்களும் முதற் பாகத்திலேயே காணப்படுகின்றன. போர்த்துக்கேயருக்கு வணிகமோ போரோ எங்கு இருந்ததோ, அங்கெல்லாம் படம் சென்றது.

இத்தகைய படத்தை வரைவதற்கு முதல் வேண்டுவது சிறகன்று, கால். ஓவியரும் அவருடைய துணைவரும் நகரத்தின் தெருத் தெருவாக நடந்து, அடியெண்ணியும் கயிறோ சங்கிலியோ கொண்டு அளந்தும், திசைகாட்டியால் திரும்புமிடங்களைக் குறித்தும், நிலத்தின் கிடைப்படத்தை முதலில் அமைப்பர். கோபுரங்கள் இருப்பின் அவற்றின் மேல் ஏறிச் சுற்றிலும் நோக்கிக் கூரைகளின் ஒழுங்கைக் குறித்துக் கொள்வர். பின்னர் அக்கிடைப்படத்தின்மேற் கட்டங்கள் போட்டு, அக்கட்டங்களை ஒரு பக்கமாகச் சாய்ந்த தளத்திற்கு மாற்றுவர். அண்மையிலுள்ள கட்டம் அகன்றும், சேய்மையிலுள்ள கட்டம் குறுகியும் அமையும். அத்தளத்தின்மேல் வீடுகளையும் மதில்களையும் கோயில்களையும் ஒவ்வொன்றாக எழுப்பி நிறுத்துவர்.

இங்கே ஓவியர் சில உரிமைகளையும் எடுத்துக்கொண்டார். முன்னிற்கும் வீடு பின்னிற்கும் தெருவை மறைக்குமானால் தெருவைச் சற்று அகலமாக்கினார். பெருங் கோயிலையும் அரண்மனையையும் உண்மை அளவினும் பெரிதாக வரைந்தார். எந்த ஒரு தனிக்கண்ணும் எந்த ஓர் இடத்திலிருந்தும் அவ்வண்ணம் காண இயலாது. பல நாள் நடையும் பல இடத்து நோக்கும் ஒன்றாய்ச் சேர்ந்ததே பறவைநோக்குப் படமாகும். நிலஅளவைப் படத்தை வாசிக்கப் பயிற்சி வேண்டும். இதனை வாசிக்கச் சிறுவனுக்கும் இயலும். இதன் கவர்ச்சி அதிலேதான் இருந்தது.

வரைந்த படத்தைப் பலபடியாக்குவது செதுக்குநரின் தொழில். தொடக்கத்தில் மரப்பலகையும், பின்னர்ப் பெரும்பாலும் செப்புத் தகடும் இதற்குப் பயன்பட்டன. மரத்திலே கோடாக வரவேண்டிய இடத்தை மேடாக விட்டு மற்றையதைச் செதுக்கி எடுப்பர். மை மேட்டிலே பற்றும். செம்பிலோ கோடே பள்ளம். மை அப்பள்ளத்திலே தங்கும். மயிரிழை போன்ற நுண்ணிய கோட்டையும் செம்பு தாங்கும் ஆதலால், சிறு சாளரமும் கப்பலின் கயிறும் கூட அதிற் காட்ட முடிந்தது.

முதலில் தகட்டைத் தட்டிச் சமமாக்கிக் கரியால் தேய்த்து மெருகிடுவர். அதனைச் சூடாக்கி மெல்லிய மெழுகு பூசி, ஓவியத்தின் கோடுகளை அதன்மேற் படியச் செய்வர். அச்சிலே வலம் இடமாக மாறும் ஆதலால், தகட்டில் நகரம் இடம்வலம் மாறியே நிற்கும்; ஊர்ப் பெயர்களின் எழுத்துகளையும் கண்ணாடியிற் காண்பதுபோலத் தலைமாறியே வெட்ட வேண்டும். செதுக்குநரின் கருவி உருக்கினாலான கூரிய சிற்றுளி. அதன் மரக்கைப்பிடி உள்ளங்கையிற் பொருந்தியிருக்க, உளியை முன்னோக்கித் தள்ளுவர். தகடு மணல் நிரப்பிய தோலணையின்மேற் கிடக்கும். வளைந்த கோடு வேண்டுமிடத்து உளியைத் திருப்பாது தகட்டையே திருப்புவர். உளி சென்ற வழியின் ஓரங்களில் எழும் செப்புப் பிசிறைச் சுரண்டி அகற்றுவர். பிழை நேர்ந்தால் அழித்தல் எளிதன்று. அவ்விடத்தைச் சுரண்டி, பின்புறமிருந்து தட்டி உயர்த்தி, மறுபடி மெருகிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

அச்சிடும் முறையும் கைவேலையே. தகட்டைச் சூடாக்கி, கரியும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த தடித்த மையைக் கோடுகளுட் புகத் தேய்ப்பர். பின் மேற்பரப்பைத் துணியாலும் இறுதியில் உள்ளங்கையாலும் துடைப்பர். பள்ளத்து மை மட்டும் எஞ்சும். நனைத்த தாளை அதன்மேல் விரித்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு இடையே அழுத்திச் செலுத்தினால், ஈரத்தாள் பள்ளத்துட் புகுந்து மையை எடுத்துக்கொண்டு வெளிவரும். தாளிற் சுற்றிலும் தகட்டின் விளிம்பு பதிந்த தடம் தெரியும். பழைய அச்சுப் படத்தை அறிவதற்கு இன்றும் அத்தடமே ஓர் அடையாளமாகும். வாங்குவோர் விரும்பினால் நீர்வண்ணம் தீட்டிக் கொடுப்பதும் உண்டு.

படத்தின் ஒரு மூலையில் எழுத்துகளின் அட்டவணை ஒன்று இருக்கும். கோட்டை வாயிலின்மேல் ஓர் எழுத்து, சந்தையின்மேல் ஓர் எழுத்து, கிணற்றின்மேல் ஓர் எழுத்து என இட்டு, எது எதுவென்று அட்டவணையில் விளக்குவர். இவ்வட்டவணை இல்லையேல் படம் கூரைகளின் குவியலாகவே நிற்கும். ஊரை ஊராக்குவது பெயர் என்பதைச் செதுக்குநர் நன்கு அறிந்திருந்தனர்.

இவற்றை வாங்கியவர் யாவர்? தம் நகரத்தின் பெருமையை ஏனையோர் காணவேண்டும் என்று விரும்பிய நகரசபையார் ஒருபால். கடல்கடந்த துறைமுகங்களின் நிலையை அறிய விரும்பிய வணிகர் ஒருபால். வீட்டை விட்டு நீங்காமலே உலகைச் சுற்ற விரும்பிய கற்றோர் ஒருபால். போர்ச் செய்தியை அறிவிப்பதும் இப்படங்களின் முக்கியமான பயன். எந்தக் கோட்டையை எந்தப் பக்கமாக முற்றுகையிட்டனர், பீரங்கிகள் எங்கு நின்றன என்பதை இவை காட்டின. பகைவர் கையில் இவை வேவுப்படமாகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. படத்தின் முன்புறத்தில் மனித உருவங்களைச் சேர்த்தால், உருவப்படங்களை விலக்கும் சமயத்தவரான துருக்கியர் அவற்றைப் பயன்படுத்தார் என்று பிரௌன் தம் தொகுதியிற் காரணம் கூறினார். அக்காரணம் எவ்வளவு பலித்ததோ, நகரப் படத்துக்கும் போருக்கும் இருந்த உறவை அது காட்டுகின்றது.

இலங்கையின் வடபகுதி இக்கலையினுட் புகுந்ததும் போரின் வழியாகவே. பிலிப்பஸ் பால்டியஸ் என்னும் ஒல்லாந்தப் பாதிரியார் 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தப் படையுடன் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஏறக்குறைய மூன்று மாத முற்றுகையின் பின், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையினின்றும் ஒல்லாந்தர் வசமாயிற்று. பால்டியஸ் அங்கு சில ஆண்டுகள் தங்கிச் சமயப் பணி புரிந்து, தாயகம் திரும்பியபின் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். அது 1672ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரத்தில் செப்புத் தகட்டுப் படங்களுடன் வெளிவந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கொழும்பு, காலி, நீர்கொழும்பு என இலங்கையின் கரையோர இடங்கள் அதில் வரிசையாகத் தோன்றுகின்றன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய குடாநாட்டு ஊர்களின் தேவாலயங்களுக்கும் படம் உண்டு.

அம்ஸ்டர்டாமில் அமர்ந்து தகட்டை வெட்டிய கைக்கும் யாழ்ப்பாணக் கடலுக்கும் இடையே பல மாதக் கப்பற் பயணம் கிடந்தது. இங்கிருந்து சென்ற வரைவுகளையும் குறிப்புகளையும் நம்பியே அங்கு உளி நகர்ந்தது. கால இடைவெளியும் உண்டு. பால்டியஸ் கண்ட யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டிய நாற்கோணக் கோட்டை. ஒல்லாந்தர் 1680ஆம் ஆண்டளவில் அதனை ஐங்கோணக் கோட்டையாக மாற்றிக் கட்டினர். நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வெளிவந்த வேளையில், பால்டியஸ் விவரித்த கோட்டை யாழ்ப்பாணத்திலே இல்லை. செம்பிலே வெட்டிய ஊர் அசையாது நிற்க, மண்ணிலே கட்டிய ஊர் மாறிக்கொண்டே சென்றது.

குறைகள் எவையாயினும், யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் 17ஆம் நூற்றாண்டு முகம் ஒன்று அச்சிலே கிடைத்தது. கடல்நீரேரியைக் கடந்து தெற்கே வந்தால் நிலை வேறாகின்றது. இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என மாவட்டங்களாய் விளங்கும் வன்னிப் பெருநிலத்தின் உட்பகுதி ஊர் எதுவும் பால்டியஸ் காட்டிய நகரக் காட்சிகளிடையே இல்லை. ஊர்கள் இல்லாத காரணத்தால் அது நேர்ந்ததன்று. அடங்காப்பற்று என்று பெயர் பெற்ற அந்நிலத்தை வன்னியர் என்னும் தலைவர்கள் ஆண்டனர். 1679ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்தினின்றும் தப்பி, காட்டுவழியே ஆற்றோரமாக நடந்து அரிப்பை அடைந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், தாம் கடந்த தமிழர் நிலத்தின் தலைவன் பெயரைத் தம் நூலிற் குறித்துள்ளார். கண்டி அரசனுக்கு அடங்காதவன் அவன் என்றும் அவர் கூறுகின்றார். கயிலை வன்னியன் என்ற தலைவனே அவன் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர்.

அங்ஙனம் அரசும் ஊரும் இருந்தும் படம் ஏன் எழவில்லை? படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் கம்பனியையும் கடலையும் சார்ந்தவர்கள். வன்னியிலிருந்து அவர்கள் வேண்டியது யானை. வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகள் கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குட் சென்ற வழியே ஆணையிறவு என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. யானை வரும் காட்டுக்கு மதிலும் இல்லை, கப்பல் நிற்கும் துறையும் இல்லை. ஆதலால் வாங்குவோருக்குக் காட்டத்தக்கதாக அது கருதப்படவில்லை. பூநகரியிலும் முல்லைத்தீவிலும் கோட்டைகள் எழுந்தது வன்னியின் விளிம்பைக் காப்பதற்கே. ஒல்லாந்தர் 1782 முதல் 1784 வரை படை நடத்தியே வன்னியை அடக்க நேர்ந்தது. அதன்பின் முல்லைத்தீவில் அதிகாரம் செலுத்திய தோமஸ் நாகல் 1793ஆம் ஆண்டில் வன்னியைப் பற்றி எழுதிவைத்த அறிக்கை, ஏட்டளவில் நின்ற சொல்லோவியமேயாகும்.

போர்ச் செய்தியை நகரப் படங்கள் அறிவித்தன என்று மேலே கண்டோம். 1803ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். யாழ்ப்பாண முற்றுகைக்குக் கிடைத்த செப்புத் தகடு இவ்வெற்றிக்குக் கிடைக்கவில்லை. வென்றவனிடம் அச்சுக்கூடம் இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் கப்டன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்த செய்தியைத்தான் கற்சிலைமடுவில் ஆங்கிலத்தில் ஒரு கல் சொல்லிற்று. உளி யார் கையில் இருக்கின்றதோ அவருடைய நாளே கல்லிலும் செம்பிலும் பதிவாகின்றது.

பறவைநோக்குப் படத்திற்கு மிகப் பொருத்தமான அமைப்பு வன்னி ஊரின் அமைப்பே என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. வன்னியில் ஊரை மதில் அமைப்பதில்லை, குளம் அமைக்கின்றது. வளைந்த குளக்கட்டு ஒன்று, அதன் உட்புறம் நீர், நீர் ஏறி இறங்கும் அலைகரை, அதற்கப்பால் காடு. கட்டின் மறுபுறம் துருசிலிருந்து பிரியும் வாய்க்கால், வாய்க்காலின் இருமருங்கும் வயல்வெளி, மேட்டிலே வீடுகள், கட்டின் அருகே ஐயனாரோ பிள்ளையாரோ, மிகுநீர் வழியும் வான். தெருவில் நின்று நோக்குபவனுக்கு இவ்வொழுங்கு புலப்படாது. கட்டு ஒரு மண்மேடாகவும் வயல் ஒரு பசும்பரப்பாகவுமே தோன்றும். உயரத்திலிருந்து நோக்கினால் எது எதற்காக எங்கே இருக்கின்றது என்பது ஒரு கணத்தில் விளங்கும். ஒரு குளத்தின் வான் வழிந்து அடுத்த குளத்தை நிரப்ப, குளமும் ஊரும் சங்கிலிபோலத் தொடர்வதும் விளங்கும். தாண்டிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் வீதியின் பெயர்களே அச்சங்கிலியின் கண்ணிகளாம்.

இவ்வொழுங்கைத் தாளிற் பதித்த பெருமை பிற்கால நிலஅளவைக்கு உரியது. 1800ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை நிலஅளவைத் திணைக்களம் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் குறுக்கிய தாள்களில் வன்னியின் குளங்களைக் குறித்தது. ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி 1895ஆம் ஆண்டு வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் அக்குளங்களையும் குடிகளையும் எழுத்திலே பதிவுசெய்தது. 1956ஆம் ஆண்டு கொழும்புத் திட்டத்தின் வழியே கனடாவின் உதவியுடன் இலங்கை விமானத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டபோது, பருந்தின் கண் வன்னிக்கும் உண்மையாகவே கிடைத்தது. பாழடைந்து காடு மூடிய குளக்கட்டுகளின் வளைவைக் கண்டறிய விமானப்படம் பேருதவி புரிவதாகும்.

அரை நூற்றாண்டின் பின் அக்கண் மேலும் உயர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் இறுதிப் போர் அதே கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்தில் நடந்தது. செய்தியாளர் செல்ல இயலாத அந்நாள்களில் வெளியுலகம் வன்னியைக் கண்டது பெரும்பாலும் செய்மதிப் படங்களின் வழியாகவே. ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிலும் அத்தகைய படங்கள் இடம்பெற்றன. அவற்றில் ஒவ்வொரு கூரையும், ஒவ்வொரு தறப்பாளும், நிலத்தின் ஒவ்வொரு குழியும் தெரிகின்றன. செதுக்குநரின் உளி ஒருகாலும் எட்டாத துல்லியம் அது. ஆயினும் பழைய படத்தின் மூலையில் இருந்த எழுத்து அட்டவணை அதில் இல்லை. கூரையின் அளவைக் காட்டும் படம், அக்கூரையின் கீழ் இருந்தவர் யார் என்பதைக் காட்டுவதில்லை. அழிந்த வீட்டுக்கும் முன்னரே பாழாய்க் கிடந்த வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அயலவரே சொல்ல வல்லவர்.

ஆதலாற் செப்புத் தகட்டுக் கலைஞரிடமிருந்து வன்னி இன்று பெறத்தக்கது உளியன்று, அவர்களுடைய முறையே. நடந்து அளந்து, பல இடத்து நோக்கை ஒன்றாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்து இட்டுப் பெயர் எழுதும் அம்முறையை ஒரு பாடசாலை மாணவர் குழுவும் கையாளலாம். விமானப்படமோ செய்மதிப்படமோ கிடைப்படமாக அமையட்டும். அதன்மேல் மாணவர் தம் ஊரை எழுப்பலாம். அ என்பது குளக்கட்டு; ஆ என்பது வான்; இ என்பது பழைய துருசு; ஈ என்பது இடம்பெயர்வுக்கு முன் பாடசாலை நின்ற இடம்; உ என்பது புளியமரம், சந்தை கூடிய நிழல்; ஊ என்பது மீண்டும் கட்டப்படாத வளவு, அதில் வாழ்ந்த குடும்பத்தின் பெயர்.

இவ்வட்டவணையை நிரப்பவல்லோர் ஊரின் மூத்தோர். வயலின் துண்டுக்குத் துண்டு வழங்கும் பெயரும், வாய்க்காலின் முறைப்பங்கும், காட்டுக்குட் கிடக்கும் பழைய குளத்தின் பெயரும் அவர்கள் நினைவிலேயே உள்ளன. இடம்பெயர்ந்து மீண்டு வந்த ஊர்களில் அந்நினைவைத் தாங்குவோர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றது. வெனிஸ் நகரத்தைச் செதுக்கி முடிக்க மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன. ஒரு குளத்தையும் அதன்கீழ் வாழும் ஊரையும் நடந்து அளந்து பெயரிட ஒரு பாடசாலைத் தவணை போதும். அறிந்தவர் இருக்கும்போதே அவ்வேலை தொடங்கப்படுமானால், அச்சு காணாத வன்னி ஊர்களுக்கும் தம் மக்களின் கையால் எழுதப்பட்ட ஒரு முகம் கிடைக்கும்.